காயம் படாமல்

அப்பாவின் கண்ணுக்குள் ஊசி இறங்கும்போது நானும் உள்ளே இருக்கலாமா என்று நர்ஸிடம் கேட்டேன். பாசத்தில் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள். "பயப்படாதீங்க, அஞ்சு நிமிஷ வேலைதான்" என்று தோளைத் தட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். எனக்கு என்ன பயம்? அந்த ஆள் பயப்படுவதை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.

பார்க்கக் கிடைக்கவில்லை. காதால் கேட்டேன். மரத்துப்போகச் சொட்டு விட்டாயிற்று, கண்ணை மூடாமல் இருக்கக் கம்பி மாட்டியாயிற்று, மேலே பாருங்கள் என்று டாக்டர் சொல்வது கேட்டது. அதற்கப்புறம் என் அப்பா சதாசிவத்தின் குரல்: "பெலான் பெலான், டாக்டர்... பெலான் பெலான்." மெதுவாக, மெதுவாக என்று மலாயில் கெஞ்சினார். அந்த வாய்க்குக் கெஞ்சத் தெரியும் என்பது எனக்குப் புதுச் செய்தி. கெஞ்சுவதெல்லாம் எங்கள் வீட்டில் அம்மாவின் வேலை.

வெளியே வந்தபோது இடது கண்ணைச் சுற்றி அயோடின் கறை பழுப்பாக வழிந்திருந்தது. கண்ணுக்குள் கறுப்பு உருண்டைகள் ஓடுகின்றன என்று புலம்பினார். மருந்தோடு உள்ளே போன காற்றுக்குமிழிதான், தானாகப் போய்விடும், கசக்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்றாள் நர்ஸ். நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். ஈப்போ மருத்துவமனை வாசலைத் தாண்டிக் காரில் ஏறியதும் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார்.

"ஒங்கம்மாக்காரி வச்ச மருந்துக்கு நான் கண்ணுல ஊசி வாங்குறேன். அவளுக்கு இருக்கு."

அந்தக் கண் போன கதை இதுதான். ஒரு நாள் காலையில் எழுந்திருக்கிறார். வலி இல்லை, எரிச்சல் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் முள் இருக்கிற நடுப்பகுதியைக் காணோம், வளையம் மட்டும் தெரிகிறது. வலது கண்ணை மூடிப் பார்த்தால் எல்லாம் புகை. முந்தின இரவு சாப்பிட்டது அம்மா கையால். விசாரணை அதோடு முடிந்தது. அம்மா சோற்றில் எதையோ வைத்துவிட்டாள் என்று தீர்ப்பு எழுதி, அங்கேயே தண்டனையையும் ஆரம்பித்தார். முதல் அறை அம்மாவின் மேல் படாமல் அலமாரி விளிம்பில் போய் விழுந்தது. அந்த வலியும் சேர்ந்துகொள்ள, இரண்டாவது அறை வாயில் இறங்கியது. முன்பல் பாதி உடைந்து உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது.

ஈப்போவில் வேலைக்குப் போய் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நான் பதறியடித்துக்கொண்டு வந்தது பல் உடைந்ததைக் கேட்டுத்தான். அடி விழுந்தது என்று சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன். அடி எங்கள் வீட்டில் செய்தி ஆகாது. பல் உடைந்ததுதான் செய்தி.

ஏனென்றால் என் அப்பா அடித்தால் ரத்தம் வராது.

கோலா கங்சாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பால்மரம் வெட்டியவர். அந்த வேலையில் பட்டையை மட்டும் சீவ வேண்டும். கத்தி ஒரு நூல் ஆழமாக இறங்கினால் கட்டையில் காயம் படும். காயம் பட்ட இடம் கரடுகட்டிக்கொள்ளும், அப்புறம் அங்கே கத்தி ஓடாது. கணக்கெழுதுகிற கிராணி பார்த்தால் சம்பளத்தில் கைவைப்பான். சதாசிவம் வெட்டுகிற நிரையில் காயம் பட்ட மரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்று தோட்டம் முழுக்கப் பேர். அதே கைதான் என் அம்மா கருப்பம்மாளை அடித்தது. காதுக்கு மேலே, கொண்டை மறைக்கிற இடம். முதுகில், ரவிக்கை மூடுகிற இடம். நான்கு விரலும் பதியும், நகம் படாது. மறுநாள் கல்யாண வீட்டில் அம்மா பந்தி பரிமாறுவாள், ஒரு மனிதருக்கும் தெரியாது. குடித்துவிட்டு அடிக்கிறவர்களைக் கண்டால் அப்பாவுக்கு இளக்காரம். "கை நடுங்குறவனெல்லாம் ஏன்டா கை நீட்டுறான்" என்பார்.

தோட்டத்தை விற்றார்கள். பாதியில் செம்பனை வந்தது, பாதியில் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் வந்தன. எங்களுக்கும் குறைந்த விலை வீடு ஒன்று கிடைத்தது. அப்பா கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலைக்கு ஜாகா வேலைக்குப் போனார், கேட்டில் உட்கார்ந்து காவல் காக்கிற வேலை. கத்தி போய்விட்டது, கை போகவில்லை. என்னையும் அதே கைதான் அடித்தது. பரீட்சைக்கு முந்தின நாள் அடி வாங்கிக்கொண்டு போய்த்தான் எழுதினேன், பாஸானேன். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி நான். பட்டமளிப்புப் படத்தில் அவர் கை என் தோள்மேல் இருக்கிறது. அந்தப் படத்தை நான் எங்கும் மாட்டவில்லை.

இப்போது ஒரு கண் போனதும் அந்தக் கைக்கு அளவு தெரியாமல் போய்விட்டது. தூரம் பிடிபடவில்லை. மேசைமேல் வைப்பதாக நினைத்துத் தேநீர்க் கோப்பையை மேசைக்கு முன்னால் விடுவார். அது உடைந்தால் அதற்கும் அம்மாவுக்கு அடி. அந்த அடி எங்கே விழும் என்று அவருக்கே தெரியாது.

கண் டாக்டர் விமலாதேவி யாழ்ப்பாணத்து வழியில் வந்த குடும்பம். மூன்று தலைமுறையாகப் படித்தவர்களின் பொறுமை அவர் முகத்தில் இருந்தது. அதைப் பார்த்தாலே எனக்கு எரியும், ஆனால் அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. விழித்திரையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகிற சிரை அடைத்துக்கொண்டது, தேங்கின ரத்தமும் நீரும் கசிந்து பார்வையின் நடுப்பகுதி வீங்கிவிட்டது, வீக்கம் வற்ற மாதாமாதம் ஊசி என்று முதல் ஊசிக்கு முன்னால் ஆங்கிலத்தில் சொன்னார். நான் அப்பாவிடம் திரும்பினேன்.

"லொங்காங் அடைச்சுக்கிட்டா சாக்கடைத் தண்ணி எங்க போவும்? வீட்டுக்குள்ளதானே ஏறும்? ஒங்க கண்ணுல ரத்தம் அப்படி நிக்குது. பிரஷர் மாத்திரைய ஒழுங்கா முழுங்கியிருந்தா இது வந்திருக்காது. தூக்கி எறிஞ்சீங்கல்ல? யாரும் ஒங்களுக்கு ஒன்னும் வைக்கல."

அப்பா டாக்டரைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ள ரொம்பப் படிச்சிருச்சு, டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மாவுக்கு வாயில என்ன?"

"கதவு லா, டாக்டர். காத்துல சாத்திக்கிச்சு."

"அப்பா அடிச்சாரு" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, கீழ எமர்ஜன்சியில இதுக்குன்னே ஒரு அறை இருக்கு. நீங்க வாயைத் திறந்து சொன்னா போதும். போலீஸ்காரங்க அங்கேயே வந்து எழுதிக்குவாங்க. நான் கூட வாரேன்."

அம்மா என் பக்கம் கையைக் காட்டினாள். "இவ எப்பவுமே இப்படித்தான், டாக்டர். யூனிவர்சிட்டிக்குப் போனதுலேருந்து வீட்டு ஆளுங்களக் கண்டா ஆகாது."

அப்பா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

அப்பாவை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போன நேரத்தில் அம்மாவை வராந்தா மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "ஈப்போவுக்கு வந்துரும்மா. என் ரூம்ல ரெண்டு பேரு தாராளமா இருக்கலாம். இன்னிக்கே வா."

"கண்ணு தெரியாத மனுசன விட்டுட்டு எப்படிடி வாரது? ஊரு காறித் துப்பும்."

"நீ பல்லு இல்லாம நிக்கிறப்ப ஊரு எங்க போச்சு?"

"கண்ணு சரியாவட்டும் பாப்பா. சரியான அன்னிக்கே வாரேன். மாரியாயி மேல சத்தியம்."

அந்தச் சத்தியத்துக்காகத்தான் மாதாமாதம் லீவு போட்டு அந்த ஆளை என் பழைய கஞ்சில் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் பேச மாட்டேன். ஆட்டைக் கசாப்புக்கு ஏற்றிப் போகிறவன் ஆட்டிடம் பேசுவானா? அவர் கண் தெரிய வேண்டும், அம்மா அந்த வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் கண் தேறுவதற்கு நாள் பிடித்தது, கை காத்திருக்கவில்லை. அம்மாவைக் குறிவைத்த அறை நிலைக்கட்டையில் பட்டு அவருடைய சுண்டுவிரல் உடைந்தது. உடைந்த விரலுக்குப் பதில் கரண்டி பறந்தது. அது அம்மாவின் புருவத்தில் பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. இன்னொரு அடியில் அவள் காதிலிருந்து நீர் வடிந்தது. முப்பது வருடத்தில் அம்மாவின் உடம்பில் ஏறாத வடுவெல்லாம் அந்தச் சில மாதங்களில் ஏறியது. ஒவ்வொரு தடவையும், "வாம்மா" என்பேன். ஒவ்வொரு தடவையும், "கண்ணு சரியாவட்டும்" என்பாள். நானே போலீசுக்குப் போனேன். வந்தார்கள். கதவு இடித்தது என்றாள் அம்மா. போய்விட்டார்கள்.

ஒரு நாள் மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஈப்போ நகைக்கடை ஒன்றில் அம்மா நிறுத்தச் சொன்னாள். மாரியம்மனுக்குக் கண்மலர் வாங்க வேண்டுமாம். வெள்ளித் தகட்டில் கண் மாதிரி அடித்து வைத்திருப்பார்கள், கண் குணமானால் அம்மன் முகத்தில் சாத்துவதாக வேண்டிக்கொள்வார்கள். கடைக்காரர் முன்னாலேயே கத்தினேன்.

"அந்த ஆளு கண்ணுக்கு வெள்ளியா? ஒன் பல்லுக்கு என்னம்மா வேண்டிக்கிட்ட?"

"சத்தம் போடாதடி. ஒனக்கு வெளங்காது." வெள்ளிக் கண்களைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

கடைசியாக ஒரு நாள் டாக்டர் விமலாதேவி கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். முதல் ஸ்கேனில் குன்றாகப் புடைத்திருந்த விழித்திரை இப்போது வற்றி, நடுவில் இருக்க வேண்டிய பள்ளம் மறுபடி தெரிந்தது. அப்பா இடது கண்ணால் அட்டையில் கீழ்வரிசைக்கு முந்தின வரிசைவரை படித்தார். அம்மா அழுதாள்.

"நல்லா வந்திருக்கு. ஆனா நோய் போகல, அடங்கியிருக்கு" என்றார் டாக்டர். "ஊசிய நிறுத்தினா மறுபடி வீங்கலாம். இடைவெளிய நீட்டிப் பாப்போம். சிலருக்கு வருஷக்கணக்கா போட வேண்டியிருக்கும்." அன்றைக்கும் ஊசி போட்டார்.

வராந்தாவில் அம்மாவின் கையைப் பிடித்தேன். "தெரியுதுல்ல? கெளம்பு."

"ஊசி இன்னும் இருக்குன்னாங்களே. முழுசா சரியாவட்டும்."

"முழுசா சரியாவாதும்மா! அதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னாங்க!"

"ஞாயித்துக்கெழம கண்மலர் சாத்தணும். வந்துரு" என்று சொல்லிவிட்டுக் கையை உருவிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். தோட்டத்துக் கோயில் மட்டும் தாமான் வீடுகளுக்கு நடுவே மிஞ்சியிருக்கிறது. பூசாரி வெள்ளிக் கண்களை அம்மன் முகத்தில் ஒட்டவைத்தார். அப்பா புதுச் சட்டையில் நின்றார். ஊசி இறங்கிய இடத்தில், வெள்ளைவிழியில் ஒரு சிவப்புப் பொட்டு. அம்மா தெரிந்தவர்களிடமெல்லாம் கண் வந்துவிட்ட கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அப்பா ஆரம்பித்தார். "கோயில்ல எவன்கிட்டடி அப்படிப் பல்லைக் காட்டிக்கிட்டு நின்ன?"

"காட்டுறதுக்குப் பல்லு எங்கங்க இருக்கு?" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். அடி விழுந்தது.

ஒரே அடி. நான்கு விரலும், காதுக்கு மேலே, கொண்டை மறைக்கிற இடத்தில். கொண்டை அவிழவில்லை. பூகூட உதிரவில்லை. அப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், காணாமல் போன பொருள் கிடைத்தவர்போல. பிறகு கூடத்துக்குப் போய்ச் சாய்வு நாற்காலியில் விழுந்தார்.

அம்மா காதைத் தொட்டு விரலைப் பார்த்தாள். உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். எதிலும் ரத்தம் இல்லை. என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தில் இருந்தது சந்தோஷம்.

"பாத்தியா பாப்பா? காயம் இல்ல. பழையபடி அளவு வந்திருச்சு. மாரியாயி என்னைக் கைவிடல."

எதற்காக வேண்டிக்கொண்டாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"கண்ணு சரியான அன்னிக்கு வாரேன்னு சத்தியம் பண்ணுனியே" என்றேன்.

"அடி தாங்க முடியாமத்தான்டி அப்படிச் சொன்னேன். இது தாங்குற அடிதானே. இதுக்குப் போயி எதுக்கு வீட்டை விட்டு வரணும்?" சமையலறைக்குள் போய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

கூடத்திலிருந்து அப்பா கத்தினார். "ஏய், மருந்து போடு!"

ஊசி போட்டால் சில நாள் சொட்டு மருந்து விட வேண்டும். "நான் போடுறேன்" என்று புட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அப்பா தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தைக் காட்டிக் கிடந்தார். இடது கை விரலால் கீழ் இமையை இழுக்க வேண்டும், ஒரு சொட்டு விட வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இமையில் விரலை வைத்தேன். சொட்டு விடவில்லை. மேல் இமையை மூடி, அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

உருண்டையாக, வெதுவெதுப்பாக, விரலுக்கு அடியில் அசைந்தது.

"ஏய்!" என் மணிக்கட்டைப் பிடித்தார். இரும்புப் பிடி.

"கைய எடுங்க. ஊசி போட்ட ஓட்டை இன்னும் மூடல. இன்னும் கொஞ்சம் அழுத்துனா உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய வந்துரும்."

பொய். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான் படித்த பிள்ளை. பிடி தளர்ந்தது. கை நாற்காலிப் பிடிக்குப் போய் அதை இறுக்கியது.

"நான் ஒன் அப்பன்டி."

"தெரியும்" என்று இன்னும் அழுத்தினேன். ஒரு சத்தம் வந்தது அவர் தொண்டையிலிருந்து. கால்கள் தரையை உதைத்தன. மூடிய இமைக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து என் விரலை நனைத்தது. எனக்கு நன்றாக இருந்தது. பட்டம் வாங்கின அன்றைக்குக்கூட இவ்வளவு நன்றாக இருக்கவில்லை. "இனிமே அடிக்க மாட்டேன்னு சொல்லுங்க. சத்தமா. அடுப்படிக்குக் கேக்கணும்."

"அடிக்க மாட்டேன்... அடிக்க மாட்டேன்... அய்யோ, கருப்பம்மா!"

அம்மா ஓடிவந்தாள். என்னை இழுப்பாள், அடிப்பாள் என்று நினைத்தேன். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தாள்.

"போதும்" என்றாள்.

நான் எடுக்கவில்லை.

"போதும்டி, நகம் பட்டுரும்."

"படாது" என்றேன். நகத்தைத் தூக்கி, விரல் சதையால்தான் அழுத்தியிருந்தேன்.

"தெரியுது" என்றாள் அம்மா.

அந்தக் குரலில் விரலை எடுத்துவிட்டேன். அம்மா என் கையிலிருந்து புட்டியை வாங்கினாள், என் விரல் அவள்மேல் படாமல். அப்பாவின் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, இமையைத் திறந்து, சொட்டு விட்டாள். அவருடைய வலது கண்ணைப் பொத்தி, விரலைக் காட்டி, "எத்தன வெரலு?" என்று கேட்டாள்.

"ரெண்டு" என்றார் அவர், விம்மிக்கொண்டு.

"ஒன்னும் ஆவல. கசக்காதீங்க. புட்டி இங்க இருக்கு, நாலு வேளையும் நீங்களே விட்டுக்கங்க." அறைக்குள் போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் பையில் சேலைகளைத் திணித்துக்கொண்டு வந்தாள். அடுப்பை அணைத்தாள்.

"எங்கடி போற?" அப்பா எழுந்திருக்கவில்லை. ஒரு கையால் கண்ணைக் காத்துக்கொண்டு நாற்காலியிலேயே இருந்தார்.

"இவள இங்க வந்து போவ விட்டா ஒங்க கண்ணு மிஞ்சாது. நான் போயி இவகூட இருந்துக்கிறேன். அடுத்த ஊசிக்குப் பஸ்ஸு ஏறி வந்துருங்க."

"எனக்குச் சோறு?"

"சட்டியில இருக்கு. இன்னிக்குள்ளதுதான். நாளைக்கு நீங்க பாத்துக்கங்க."

நாளையைப் பற்றி அம்மா அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் என்னைப் பார்த்தார், ஊசியோடு வருகிற டாக்டரைப் பார்ப்பதுபோல. நான் வேண்டுமென்றே மெதுவாகச் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

காரில் அம்மாவுக்கு முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தாமான் முனை கடையில் ஆட்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், கையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். ஜெயித்துவிட்டேன். அம்மாவை வெளியே கொண்டுவந்துவிட்டேன். சம்பளம் வந்ததும் பல் கட்டலாம், காதைக் காட்டலாம், அறைக்கு இன்னொரு மெத்தை வாங்கலாம் என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனேன். அம்மா பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய சாலையில் ஏறினோம். வண்டி வேகம் பிடித்தது, இன்ஜின் உறுமியது. கியர் மாற்ற இடது கையை நீட்டினேன்.

அம்மா சட்டென்று கதவோடு ஒண்டினாள். தோள் காதுவரை ஏறிவிட்டது. உள்ளங்கையால் காதை மூடிக்கொண்டாள்.

என் கை நடுவழியில் நின்றது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது.

"கியர் மாத்தணும்மா" என்றேன்.

"மாத்து" என்றாள். கையைக் காதிலிருந்து எடுக்கவில்லை.